அரைக்கட்டை

“அடுத்த பாட்டு வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட மட்டும் ஒரு ரகசியம் சொல்றேன்...” என்று அவள் மைக்கில் குழைந்துகொண்டிருந்தபோதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். உண்மையில் இடித்தார்கள்.

அவள் ரகசியத்தைப் பாதியில் விழுங்கிவிட்டு, இசைத்தட்டின் மேல் முள்ளை இறக்கினாள். பாட்டு கிளம்பியது. மைக்கை அணைத்தாள். வந்தது யாராக இருந்தாலும் இன்றைக்குத் தொலைந்தார் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

தலையிலிருந்து கால் வரை நனைந்த ஓர் இளைஞன். முதுகில் நீளமான கறுப்புப் பை. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... கோபமான கண்கள்தான். ஆனால் அந்தக் கோபத்திலும் எப்போது வேண்டுமானாலும் சிரித்துவிடுவேன் என்பதுபோல ஒரு மினுக்கம். இப்படியும் கண்கள் உண்டா என்று ஒரு கணம் யோசித்தாள். உடனே தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

“நிகழ்ச்சி போயிட்டிருக்குங்க. வெளியில சிவப்பு லைட் எரியறது தெரியலையா?”

“தெரிஞ்சுது. அதனாலதான் வந்தேன். முதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க.”

“எதுக்கு?”

“தப்பா ஓடுது!”

அவளுக்குக் காதுமடல் சூடாயிற்று. இந்த ஒரு மணி நேர நிகழ்ச்சிதான் அவளுக்கு உயிர். பெரிய வானொலியில் நல்ல வேலையில் இருந்தவள். அங்கே பழைய பாட்டென்றால் இரண்டாவது சரணத்தை வெட்டு, இடையிசையை வெட்டு, விளம்பரத்தைப் போடு என்றார்கள். ஒருநாள் போதுமடா சாமி என்று எழுந்து வந்துவிட்டாள். அண்ணன் பழைய சாமான்களைத் தேடிப் பிடித்து, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த இந்த அறையில் முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி, இந்தச் சின்ன வானொலியைக் கட்டிக் கொடுத்தான். ஊருக்குள் மட்டும்தான் கேட்கும். ஆனால் ஊரே கேட்கும். தையல்காரர்கள், பேருந்து ஓட்டுநர்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நர்சுகள்... ஒவ்வொரு மாலையும் அவள் நிகழ்ச்சியைத் தொடங்குவது ஒரே வாசகத்தில்தான்: “வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. பதிவானது பதிவானபடி!”

அப்படிப்பட்டவளிடம் வந்து, தப்பா ஓடுது என்றால்?

“நான் மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறேங்க,” என்றான் அவன். “இந்தப் பாட்டு உங்ககிட்டத் தவிர வேற எங்கேயும் கிடைக்கல. உங்க ரேடியோவைக் கேட்டுத்தான் குழு மொத்தமும் பழகினோம். போன சனிக்கிழமை மேடையில என் அக்கா பாடினாங்க. சரணத்துல மேல போகணும்... போகலைங்க. கீச்சுனு ஆயிடுச்சு. முன்வரிசையே சிரிச்சிருச்சு. அக்கா மேடையில அழுது நான் பார்த்ததே இல்ல.”

“அதுக்கு நான் என்ன பண்றது? பாடத் தெரியாதவங்களை மேடை ஏத்திட்டு...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கண்ணிலிருந்த மினுக்கம் சட்டென்று அணைந்துவிட்டது.

அவன் பையைத் திறந்து, கீபோர்டை அவளுடைய மேசையிலேயே வைத்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு ஒரு கட்டையை அழுத்தினான். “கேளுங்க. பாட்டு இங்க இருக்கணும். ஆனா இங்க இருக்கு. சுருதி அரைக் கட்டை ஏறியிருக்கு. இந்த வாரம் பூரா நீங்க போட்ட மத்த எல்லாப் பாட்டையும் வெளியில கிடைக்கிற பதிவோட ஒப்பிட்டுப் பார்த்துட்டேன். எல்லாமே அரைக் கட்டை கூட. உங்க பிளேயர் வேகமா ஓடுதுங்க.”

“என் பிளேயர் ஒழுங்காத்தான் ஓடுது. உங்க காதுதான் அரைக் கட்டை இறங்கியிருக்கு.”

“என் காதா?”

“ஆமா. மழைத்தண்ணி போயிருக்கும். போய் நல்லாத் தலையைத் துவட்டுங்க.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது.

“சரி... போறேன்,” என்றான் இறங்கிய குரலில். “மழை விடற வரைக்கும் மட்டும் இப்படி ஓரமா நிக்கலாமா? கீபோர்டு நனையக் கூடாது.”

“நீங்க நனையலாமா?”

“நான் காய்ஞ்சிடுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்ததைக் காட்டிக்கொள்ளாமல், பாட்டு முடியவே திரும்பி மைக்கை இயக்கினாள். அப்போது அவளுக்குள் எந்தக் குறும்பு புகுந்ததோ... “நேயர்களே, இன்னிக்கு நம்ம வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கார். கூப்பிடாமலே வந்திருக்கார். பேரு... அரைக்கட்டை! இப்ப அவர் ஒரு இடையிசையை மட்டும் வாசிப்பார். அது எந்தப் பாட்டுன்னு நீங்க கண்டுபிடிக்கணும்.”

அவன் திகைத்துப்போய் நின்றான். அவள் புருவத்தை உயர்த்தி, எங்கே பார்ப்போம் என்பதுபோலச் சாடை காட்டினாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவன் வாசித்தான்... அடேயப்பா! விரல்களா அவை! ஈரக்கையோடு அவன் வாசித்த அந்த நான்கு வரி இசைக்கு, தொலைபேசி அலறத் தொடங்கியது. நிகழ்ச்சி முடியும்வரை அது ஓயவே இல்லை. மழை எப்போது விட்டது என்று இருவருக்கும் தெரியாது.

மறுநாள் மாலை அவன் வரவில்லை. “அந்த அரைக்கட்டை எங்கம்மா?” என்று ஒரு பேருந்து ஓட்டுநர் கேட்டார். “அவரு வரலைன்னா நான் வேற ஸ்டேஷன் பார்த்துக்கறேன்,” என்று ஒரு நர்சம்மா மிரட்டினார். அண்ணன் கீழே இறங்கிப் போனான். சிறிது நேரத்தில் அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டி வந்தான். எதிர்க் கடை வாசலில் நின்று ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தானாம்.

“உள்ள வந்து கேட்டா என்ன?” என்றாள் அவள்.

“கூப்பிடலையே.”

“நேத்து மட்டும் கூப்பிட்டா வந்தீங்க?”

“நேத்து சண்டைக்கு வந்தேன். அதுக்குக் கூப்பிடத் தேவையில்ல.”

அதன் பிறகு அவன் தினமும் வந்தான். அவள் பாட்டின் கதையைச் சொல்வாள். அவன் அந்தப் பாட்டின் இடையிசையைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் காட்டுவான். இங்கே வயலின் வரும், இங்கே புல்லாங்குழல் தலையை நீட்டும் என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் ஆயிரம் தடவை கேட்ட பாட்டெல்லாம் புதிதாகப் பிறந்தன. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பேசுவார்கள். பேச்சு நீண்டால் அண்ணன் அறையை மறித்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் கத்தரிக்கோல் போலக் காட்டுவான். பிளேயரின் வேகத்தைப் பற்றி அரைக்கட்டை அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தோற்றுப்போனான், ஒப்புக்கொள்ள வெட்கம் என்று அவளும் பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. மாலை எப்போது வரும் என்று காலையிலிருந்தே மனசு பரபரத்தது. மாடிப்படியில் காலடி கேட்டால் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. சீ... இதென்ன, பள்ளிக்கூடத்துப் பெண்ணா நீ என்று கேட்டுக்கொள்வாள். அடுத்த காலடிக்கும் அதே கை, அதே தலைமுடி.

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து, அண்ணனும் அவனும் கீழே தேநீர் வாங்கப் போயிருந்தார்கள். அவள் ஆசையாக அவனுடைய கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவன் விரல் பட்ட கட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அந்தச் சின்னத் திரையைக் கவனித்தாள். ஒரு கூட்டல் குறி. பக்கத்தில் ஒன்று.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவனே ஒருநாள் நேயர்களுக்கு விளக்கியிருக்கிறான். பாடுகிறவரின் குரலுக்கு ஏற்றபடி கீபோர்டு முழுவதையும் ஒரே அழுத்தில் மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். ஒன்று என்றால் அரைக் கட்டை மேலே.

தேநீரோடு அவர்கள் உள்ளே வந்தார்கள்.

“இது என்னங்க?” என்றாள்.

அவன் திரையைப் பார்த்தான்.

“என் பாட்டோட சேர்றதுக்காக இதை ஏத்தி வச்சிருக்கீங்க... முதல் நாள்லேர்ந்தா? அப்ப என் பிளேயர்...”

“அவரைத் திட்டாத,” என்றான் அண்ணன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். “நான்தான். பிளேயர்ல வேகத்தைக் கூட்டற குமிழைக் கொஞ்சம் திருகி வச்சேன். ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே அப்படித்தான்.”

“எதுக்குண்ணா?”

“பின்ன? உனக்கு ஒரு பாட்டையும் வெட்டக் கூடாது. எல்லாப் பாட்டும் வேணும். அதுக்கு மேல நீ வாய் ஓயாமப் பேசவும் பேசுவ. ஒரு மணி நேரத்தை நான் இழுத்து நீட்டவா முடியும்? எல்லாத்தையும் கொஞ்சம் வேகமா ஓட்டினா ஒரு பாட்டுக்கு இடம் கிடைச்சுது. உன்கிட்ட சொன்னா நீ சாப்பிட மாட்ட, தூங்க மாட்ட. அதான்... இவர் ரெண்டாம் நாளே குமிழைப் பார்த்துக் கண்டுபிடிச்சுட்டார். சொல்லாதீங்கன்னு நான்தான் கெஞ்சினேன்.”

அவளுக்குக் கண் இருட்டியது. அவள் காது இந்தப் பிளேயரின் வேகத்துக்கே பழகிப்போயிருந்தது. வேறு எங்கேயாவது கேட்டால், சோம்பேறிப் பதிவு என்று உதட்டைச் சுழிப்பாளே... ஒவ்வொரு மாலையும் பதிவானது பதிவானபடி என்று மார்தட்டினாளே... அப்போதெல்லாம் இந்த இருவரும் தெரிந்துகொண்டே பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

“ரெண்டு பேருமாச் சேர்ந்து நல்லா முட்டாளாக்கினீங்க.”

“அப்படி இல்லைங்க,” என்றான் அவன் அவசரமாக. “பதிவானது பதிவானபடின்னு சொல்லும்போது உங்க முகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.”

“என் முகத்தைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். இனிமே வராதீங்க.”

அவன் கீபோர்டைப் பையில் வைத்து மூடினான். படியிறங்கும் சத்தம் கேட்டது. அவள் தலைமுடியைச் சரிசெய்யவில்லை.

மறுநாள் அவளே குமிழைத் திருகிச் சரியான இடத்தில் வைத்தாள். மைக்கில் நேயர்களிடம் ஒளிக்காமல் சொன்னாள். “இத்தனை நாளா நீங்க கேட்டது சரியான வேகம் இல்ல. இன்னிக்குத்தான் சரியாக் கேட்கப் போறீங்க. தப்பு எங்களோடது.” முள்ளை இறக்கினாள். எந்தப் பாட்டால் அவன் அக்கா மேடையில் அழுதாரோ, அதே பாட்டு.

தொலைபேசி உடனே அலறியது. “என்னம்மா, பாட்டுக்குக் காய்ச்சலா? இழுத்து இழுத்துப் பாடறாங்க!” என்றார் தையல்காரர் ஒருவர். “பழையபடியே ஓட விடும்மா, அதுதான் சுறுசுறுப்பா இருந்துச்சு,” என்றார் பேருந்து ஓட்டுநர். அரைக்கட்டை எங்கே என்றும் கேட்டார். நர்சம்மா அழைக்கவே இல்லை. வேறு ஸ்டேஷன் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

ஆனால் அவள் அப்போது எதற்கும் பதில் சொல்லும் நிலையில் இல்லை. பாட்டு அவளைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. இவ்வளவு நாளும் துள்ளிக்கொண்டு ஓடிய குரல், இன்றைக்கு அவசரமில்லாமல் நடந்து வந்தது. பாடுகிறவள் சின்னப் பெண் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இல்லை. இது வாழ்க்கையைப் பார்த்த ஒரு பெண்ணின் குரல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அந்தப் பாடகி மூச்சு வாங்குவது கேட்டது. சரணத்தில் குரல் மேலே போனது. கத்தவில்லை, சிரமப்படவில்லை. சும்மா கையை நீட்டி எடுப்பதுபோல அந்த உச்சியைத் தொட்டது.

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும். கேட்டீங்களா, அந்த மூச்சைக் கேட்டீங்களா என்று கையைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும். அது புரிகிற ஆள் இந்த ஊரில் ஒருவன்தான். அவனைத்தான் விரட்டிவிட்டாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றான்.

“சைக்கிள் கடைக்குப் பின்னாடி ஒரு ஷெட் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கதான் குழு பாட்டுப் பழகும்.”

“நான் கேட்டேனா?”

“நீ கேட்கலை. நான் சும்மா சொல்லி வச்சேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயிலும் மழையும் ஒன்றாக அடித்தன. அவள் குடை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. இசைத்தட்டைப் புடவைத் தலைப்புக்குள் அணைத்துக்கொண்டு ஓடினாள். பாதி வழியில், வராதே என்று சொன்ன வாயால் என்ன சொல்லிப் போய் நிற்பது என்று கால் தயங்கியது. போகட்டும், மானம் போனால் போகட்டும் என்று மறுபடி ஓடினாள்.

ஷெட்டுக்குள் தபேலாக்காரர், கிதார்க்காரர், மூலையில் கீபோர்டோடு அவன். மைக்கின் முன்னால் யாரோ ஒரு புதுப் பெண் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த பெண்மணிக்கு அவனுடைய அதே கண்கள். அக்கா என்று கேட்காமலே தெரிந்தது. அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியவர் அதற்குப் பிறகு மைக்கையே தொடவில்லை. தனக்குப் பதில் வேறு ஆள் தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்பது புதுப் பெண்ணைப் பார்த்ததும்தான் புரிந்தது. இதையும் அவன் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

“யாரும்மா நீ? இப்படி நனைஞ்சு வந்திருக்க!”

கேட்டது அக்காதான். அவனைப் பார்க்காமல் அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா... நான் ரேடியோக்காரி. உங்களைப் பார்க்காமலே, உங்களுக்குப் பாடத் தெரியலைன்னு உங்க தம்பிகிட்ட சொன்னவ நான்தான். உங்க குரல்ல ஒரு தப்பும் இல்லக்கா. தப்பு என் பிளேயர்ல. பாடினவங்களே போகாத உயரத்துக்கு உங்களைப் போக வச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓ... தினமும் வாய் ஓயாமப் பேசுமே, அந்தப் பொண்ணா நீ?”

“ஆமாக்கா.”

“நான் நினைச்சதைவிட ஒல்லியா இருக்கியே,” என்றார் அக்கா. வயரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். மூலையைப் பார்த்தார். “டேய், அந்தப் பாட்டை எடு. அரைக் கட்டை இறக்கி எடு.”

தொடக்க இசையில் அவன் ஒரு கட்டையைத் தவறவிட்டான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பல்லவி போயிற்று. சரணம் வந்தது. அந்த இடம் நெருங்க நெருங்க அவள் இசைத்தட்டை மார்போடு இறுக்கிக்கொண்டாள். தபேலாக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மேலே போனார்... போய்... நின்றார்! உச்சியில் அசையாமல் நின்றார்! புதுப் பெண் கைதட்டிக் குதித்தாள். கிதார்க்காரர் விசிலடித்தார். அக்கா பாட்டை நிறுத்தாமலே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

பாட்டு முடிந்ததும்தான் அவன் அவள் பக்கத்தில் வந்தான்.

“நிகழ்ச்சி கேட்டேன்,” என்றான். “எதிர்க் கடை வாசல்லேர்ந்து. அந்த மூச்சைக் கேட்டீங்களா?”

“கேட்டேன்!” என்றாள். அடக்க முடியாமல் அழுகையும் சிரிப்புமாக வந்தது. “உங்ககிட்ட சொல்லத்தான் ஓடி வந்தேன்.”

“நேயர்களெல்லாம் கோபமா இருக்காங்களே... பழைய வேகத்துக்கே போயிடுவீங்களா?”

“மாட்டேன். இந்தக் குரலைக் கேட்டதுக்கப்புறம் எப்படிங்க போவேன்? ஒரு பாட்டும் குறையக் கூடாது. அதனால நான் பேசறதைத்தான் குறைச்சுக்கப் போறேன்.”

“நீங்களா? பேச்சைக் குறைக்கறதா?”

“ஏன், முடியாதா? இப்பவே ஆரம்பிக்கறேன் பாருங்க.” மூச்சை இழுத்துவிட்டாள். ஊருக்கே பேசுகிற வாய் உலர்ந்துபோயிருந்தது. முகத்திலிருந்து மழைத்தண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

தபேலாக்காரர் கிதார்க்காரரை இடித்தார். அவன் கண்கள் மட்டும் சிரித்தன.

“என்னடா மரம் மாதிரி நிக்கற?” என்றார் அக்கா மைக்கிலேயே. ஷெட் முழுக்க எதிரொலித்தது. “அந்தப் பொண்ணு எவ்வளவு தூரம் நனைஞ்சு வந்திருக்கா. பதில் சொல்லுடா!”

அவன் ஓர் அடி முன்னால் வந்தான். அவள் கையிலிருந்த இசைத்தட்டைப் பத்திரமாக வாங்கிப் பெட்டி மேல் வைத்தான். பிறகு வெறுமையாக இருந்த அந்த ஈரக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு உங்களை ரொம்ப நாளாவே பிடிச்சிருக்கு,” என்றான். “உங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியிலிருந்தே.”